யாருக்காக எடுக்கப்படும் படம்? தொழிலாளரின் உடலும் எக்ஸ் கதிர்ச் சோதனையின் அறமும்

தொழிலாளரின் உடலை எக்ஸ் கதிர் கொண்டு சோதிக்கும் வழக்கம் இரு வேறு தேவைகளிலிருந்து பிறந்தது. உடலுக்குள் ஒளித்துவைக்கப்பட்ட முதலாளியின் பொருளைத் தேடுவது ஒரு தேவை. உடலுக்குள் வேர்விட்டிருக்கும் நோயைத் தேடுவது மற்றொரு தேவை. தென்னாப்பிரிக்காவிலும் அதன் அண்டை நாடுகளிலும் இவ்விரண்டும் ஒரே காலத்தில் அருகருகே வளர்ந்தன. வைரச் சுரங்கங்களில் கல்லைத் தேடித் தொழிலாளியின் வயிற்றைப் படமெடுத்த அதே சுரங்கத் துறை, தங்கச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளியின் நுரையீரலில் படிந்த தூசியைப் படமெடுத்துப் பார்ப்பதில் பல பத்தாண்டுகள் அக்கறை காட்டவில்லை. தொழிலாளரைக் கதிருக்கு உட்படுத்துவது சரியா, தவறா என்ற வினாவைக் கதிரின் அளவை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. படம் யாருடைய நன்மைக்காக எடுக்கப்படுகிறது, எடுத்த படம் யார் கையில் இருக்கிறது, படத்தில் ஏதேனும் தெரிந்தால் அந்த மனிதருக்கு அடுத்து என்ன நேர்கிறது என்ற மூன்று கேள்விகளே அறத்தின் எடையைத் தாங்குகின்றன.

1870களில் கிம்பர்லி வைரக் குழிகளில் பல்லாயிரம் பேர் தோண்டிக்கொண்டிருந்த காலத்திலேயே திருட்டு வைர வாணிகம் முதலாளிகளின் பெருங்கவலையாக இருந்தது. விரல்நுனியில் அடங்கும் கல் ஒன்று பல ஆண்டுக் கூலிக்குச் சமமாக இருக்கும்போது, அதை விழுங்கியோ காயத்துக்குள் புதைத்தோ வெளியே கொண்டுசெல்ல முயன்றவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. கேப் காலனியின் சட்டமன்றம் 1882இல் வைர வணிகச் சட்டத்தை இயற்றியது. அதை ஒட்டிச் சுரங்கத்தை விட்டு வெளியேறும் தொழிலாளரின் ஆடைகளைக் களைந்து சோதிக்கும் முறை விரிவாக்கப்பட்டது. வெள்ளைத் தொழிலாளரையும் இவ்வாறே சோதிக்க முற்பட்டபோது 1883இலும் 1884இலும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. இரண்டாவது வேலைநிறுத்தத்தில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு வெள்ளையரின் ஆடையைக் களையும் வழக்கம் நடைமுறையில் கைவிடப்பட்டது. கறுப்பினத் தொழிலாளருக்கோ 1885 முதல் அடைப்பு முகாம்கள் வந்தன. ஒப்பந்தக் காலம் முடியும்வரை முள்வேலிக்கும் வலைக்கூரைக்கும் உள்ளேயே அவர்கள் வாழ்ந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் முன் சில நாள்கள் தனிக் கொட்டடியில் வைக்கப்பட்டு, கைகளில் விரலற்ற தோலுறைகள் பூட்டப்பட்டு, கழிவு வரை சோதிக்கப்பட்டார்கள். மானம் என்பது எல்லா உடலுக்கும் உரியது என்று வெள்ளையர் தமக்காகப் போராடி நிலைநாட்டிய கொள்கை, நிற எல்லையோடு நின்றுவிட்டது.

வில்ஹெல்ம் ரோன்ட்ஜென் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். இருபதாம் நூற்றாண்டில் வைரச் சுரங்கங்கள் இக்கதிரைத் தம் சோதனைச் சாவடிக்குக் கொண்டுவந்தன. வைரம் முழுவதும் கரிமம். கரிமத்தின் அணு எண் 6 மட்டுமே ஆதலால், இரும்பையோ ஈயத்தையோ போல அது கதிரைத் தடுத்து நிறுத்துவதில்லை. ஆயினும் அதன் அடர்த்தி நீரைப்போல மூன்றரை மடங்கு என்பதால், பெரும்பாலும் நீரால் ஆன உடல் திசுவின் நடுவே அது மங்கலான நிழலாகத் தெரியும். அந்த நிழலை எலும்பு, குடல்வாயு, உணவுத் துகள் ஆகியவற்றிலிருந்து பிரித்தறியப் படம் மிகத் தெளிவாக இருக்க வேண்டும். தெளிவு வேண்டுமெனில் பழைய கருவிகளில் கதிரைக் கூட்ட வேண்டும். நாள்தோறும் வேலை முடிந்து வெளியேறும் ஒருவரை ஒவ்வொரு முறையும் அப்படிப் படமெடுத்தால் ஆண்டு முடிவில் சேரும் கதிரளவு ஏற்க முடியாத எல்லைக்குச் சென்றுவிடும். ஆகவே சிலரை மட்டும் தற்செயலாகத் தேர்ந்து படமெடுப்பதும், யார் தேர்ந்தெடுக்கப்படுவார் என்பதை எவரும் முன்கூட்டி அறியாதபடி வைப்பதும் வழக்கமாயின. அறிய முடியாமையே இம்முறையின் முதுகெலும்பு. தன் உடல் எப்போது ஊடுருவப்பட்டது, எத்தனை முறை ஊடுருவப்பட்டது என்பதைத் தொழிலாளி தெரிந்துகொள்ளாமல் இருப்பதை நம்பியே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு கட்டப்பட்டது என்பது, கருவி எவ்வளவு திருந்தினாலும் திருந்தாத ஒரு குறை.

கருவியும் பின்னர் திருந்தத்தான் செய்தது. டி பியர்ஸ் வைர நிறுவனத்தின் பொறியாளர்கள் 1990களில் மிகக் குறைந்த கதிரில் முழு உடலையும் படமெடுக்கும் பொறியை உருவாக்கினார்கள். உடல் முழுவதையும் ஒரே வீச்சில் கதிரில் நனைக்காமல், மெல்லிய விசிறி போன்ற கற்றை ஒன்றைத் தலை முதல் கால் வரை நகர்த்திச் செல்வது அதன் நுட்பம்; இதனால் சிதறும் கதிர் குறைந்து, சிறிதளவு கதிரிலேயே தெளிவான படம் கிடைத்தது. அதே நுட்பம் லோடாக்ஸ் என்ற பெயரில் மருத்துவமனைகளுக்குச் சென்றது. கேப் டவுனின் குரூட் ஷூர் மருத்துவமனை விபத்துப் பிரிவில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. 2002இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. குண்டடி பட்டோ வாகனத்தில் அடிபட்டோ வருபவரின் உடல் முழுவதையும் ஏறத்தாழ 13 வினாடிகளில் அது காட்டிவிடுகிறது. நோயாளிக்குப் பயன்படும்போது இக்கருவியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதே கருவி, அதே அளவு கதிர், ஆனால் சோதனைச் சாவடியில் நிற்கும் தொழிலாளியின் மேல் பாயும்போது மட்டும் கேள்வி எழுவது ஏன் என்பதை ஆராய்ந்தால் சிக்கலின் மையம் புலப்படும்.

கதிர்ப் பாதுகாப்புத் துறையில் கதிரின் தீங்கை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் இயற்கையாக வரும் கதிரின் உலகச் சராசரி, ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். நல்ல கருவியில் எடுக்கப்படும் ஒரு மார்பு எக்ஸ்ரே தருவது அதில் நூறில் ஒரு பங்கு அளவே. இந்த எண்களைக் காட்டி, இவ்வளவு சிறிய அளவுக்கு அறவிசாரணை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கான விடையைக் கதிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையமே தன் அடிப்படைக் கோட்பாடுகளில் தந்திருக்கிறது. எவ்வளவு குறைந்த கதிருக்கும் அதற்கேற்ற சிறு தீங்கு உண்டு என்று கொள்வதே முன்னெச்சரிக்கை என்னும் கருதுகோளிலிருந்து தொடங்கும் அந்த ஆணையம், மூன்று நிபந்தனைகளை அடுக்குகிறது. கதிருக்கு உட்படுத்துவதால் தீங்கைவிட நன்மை மிகுதியாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. அதை நியாயப்பாடு என்பர். நியாயப்பாடு உள்ள இடத்திலும் கதிரை இயன்ற வரை குறைக்க வேண்டும் என்பது இரண்டாவது. குறித்த உச்சவரம்பைத் தாண்டக் கூடாது என்பது மூன்றாவது. பொதுமக்களுக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்; கதிருடன் பணிபுரிவோருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். நிபந்தனைகளின் வரிசைதான் இங்கே முதன்மையானது. அளவு குறைவு என்பது இரண்டாம், மூன்றாம் நிபந்தனைகளுக்கான விடையே தவிர, முதலாவதற்கு விடையாகாது.

மருத்துவத்தில் இந்த நியாயப்பாடு எளிதில் கைகூடுகிறது. கதிரைச் சுமக்கும் உடலும் பயனைப் பெறும் உடலும் ஒன்றே. திருட்டைத் தேடும் சோதனையிலோ கதிரைத் தொழிலாளி சுமக்கிறார், பயனை உரிமையாளர் பெறுகிறார். குற்றமற்றவருக்கு அந்தப் படத்தால் எந்த நன்மையும் இல்லை, குற்றமுள்ளவருக்கோ தண்டனை. இதை உணர்ந்தே பன்னாட்டு அணுசக்தி முகமை 2014இல் வெளியிட்ட அடிப்படைப் பாதுகாப்புத் தர விதிகளில், திருட்டைக் கண்டறியும் நோக்கில் மனிதரைக் கதிரால் படமெடுப்பது நியாயமற்றதாகக் கொள்ளப்படும் என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறப்பட்டது. கடத்தலைத் தடுக்கவோ, வேலைவாய்ப்புக்காகவோ, காப்பீட்டுக்காகவோ, மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்கப்படும் படங்கள் இயல்பாக நியாயமற்றவை என்றும், தனிச்சூழல்களில் மட்டும் அரசு ஆராய்ந்து அனுமதிக்கலாம் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு நெறிமுறையும் வேலைக்காகவும் குடியேற்றத்துக்காகவும் எடுக்கப்படும் படங்களை மருத்துவம் சாராத கதிர்வீச்சு என்ற தனி வகையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி நியாயம் கேட்கிறது. விமான நிலையங்களில் பயணிகளின் ஆடைக்கு அடியில் பார்க்கும் எக்ஸ் கதிர்ப் பொறிகளின் கதிரளவு மார்பு எக்ஸ்ரேயைவிடப் பன்மடங்கு குறைவு. இருந்தும் ஐரோப்பா 2011இல் அவற்றை விலக்கியது, அமெரிக்கா 2013க்குள் அகற்றியது. எப்போதாவது பறக்கும் பயணிக்குக் கிடைத்த இந்த அக்கறை நாள்தோறும் சாவடியைக் கடக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் உரியது.

எதிர்வாதம் ஒன்றை இங்கே நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடை களைவதைவிட, உடலின் மறைவிடங்களைக் கையால் சோதிப்பதைவிட, சில வினாடி எக்ஸ் கதிர் மானத்துக்குக் குறைந்த இழுக்கு என்பது அது. கிம்பர்லியின் கொட்டடிகளை நினைத்தால் இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு இழிவுகளில் குறைந்ததைத் தேர்ந்துகொள் என்று சொல்லும் வாதம், மூன்றாவது வழி இல்லை என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. மூன்றாவது வழி இருக்கிறது என்பதைச் சுரங்கத் துறையே காட்டியது. போட்ஸ்வானாவின் ஜ்வானெங் சுரங்கத்தில் 2000ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்ட மீட்பு ஆலையில், பாறை உள்ளே செல்வது முதல் கல் தரம்பிரித்து அடைக்கப்படுவது வரை வைரத்தை மனிதக் கை தொடுவதில்லை. எக்ஸ் கதிர் படும்போது வைரம் ஒளிரும் இயல்பைக் கொண்டு பொறிகளே அதைப் பிரித்தெடுக்கின்றன. கதிர் பாய வேண்டிய இடம் பாறை என்பதையும், மனித உடல் அல்ல என்பதையும் அந்த ஆலை நடைமுறையில் மெய்ப்பித்தது. இத்தகைய மாற்றத்தால் வேலைகள் குறைகின்றன என்பது தனியே பேச வேண்டிய துயரம். ஆனாலும் உடலைச் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற கூற்று அந்த ஆலையோடு தகர்ந்துபோகிறது.

தொழிலாளி ஒப்புதல் கொடுத்துத்தானே சோதனைக்கு வருகிறார் என்ற மற்றொரு வாதமும் உண்டு. மருத்துவ அறத்தில் ஒப்புதல் என்பது மறுக்கும் உரிமையோடு சேர்ந்தே பொருள்படும். மறுத்தால் வேலை போகும் என்ற நிலையில், சுரங்கத்தைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத ஊரிலிருந்து வந்தவர் வைக்கும் கையெழுத்தை, மருத்துவமனைப் படுக்கையில் நோயாளி வைக்கும் கையெழுத்தோடு ஒன்றாக எண்ண இடமில்லை.

நோயைத் தேடும் படத்தின் வரலாறு இதைவிடக் கனமானது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களின் பாறையில் சிலிக்கா மிகுதி. துளைப்பொறிகள் பாறையைக் குடையும்போது எழும் மிக நுண்ணிய சிலிக்கா துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை சென்று தங்குகிறது. அதை அழிக்க முயலும் உடலின் காப்புச் செல்கள் தாமே அழிந்து, அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்கிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் அது வளர்ந்துகொண்டே போகும். அதோடு காசநோய் தொற்றும் வாய்ப்பைப் பன்மடங்கு கூட்டும். போயர் போருக்குப் பின் சுரங்கங்கள் மீண்டும் இயங்கியபோது, துளைப்பொறி இயக்கிய வெள்ளையரில் பலர் இறந்துவிட்டது தெரியவந்து, 1902இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1911இலும் 1912இலும் இழப்பீட்டுச் சட்டங்கள் பிறந்தன. 1916இல் மருத்துவக் குழு ஒன்று நிறுவப்பட்டு, வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர் வேலையில் சேரும்போதும் பின்னர் குறித்த காலங்களிலும் சோதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய சோதனையில் எக்ஸ்ரே இடம்பெற்றது. தொழில்நோய்க்காக எக்ஸ்ரேயை முறையாகப் பயன்படுத்திய உலகின் முன்னோடி ஏற்பாடுகளுள் இது ஒன்று என்று மருத்துவ வரலாறு புகழ்கிறது.

அந்தப் புகழுக்கு வெளியே நின்றவர்கள் கறுப்பினத் தொழிலாளர். சுரங்கத்தின் பெரும்பான்மை உழைப்பு அவர்களுடையது. மொசாம்பிக், லெசோத்தோ, போட்ஸ்வானா, கிழக்கு கேப் பகுதிக் கிராமங்கள் ஆகியவற்றிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் வந்தவர்கள். அவர்களுக்கு நீண்டகாலம் வாய்த்தது வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பதும், மார்பில் ஒரு கணம் ஸ்டெதஸ்கோப் வைப்பதும்தான். எடை குறைந்தவருக்குக் காசநோய் என்று ஐயுற்று ஊருக்கு அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர் சுரங்கத்தின் கணக்கில் இல்லை, ஊரின் கல்லறையில்தான் இருந்தார். நுரையீரலில் தழும்பு தொடங்கிய காலத்தில் எடை குறைவதில்லை ஆதலால், சிலிக்கோசிஸை எடைக்கருவி காட்டவே முடியாது. பிற்காலத்தில் அவர்களுக்கும் சிறுபடல எக்ஸ்ரே வந்தது; ஆனால் அதன் முதன்மை நோக்கம் உழைக்கும் கூட்டத்திலிருந்து காசநோயைப் பிரித்து அகற்றுவதே. 1930இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் சிலிக்கோசிஸ் மாநாடு ஜோகன்னஸ்பர்க்கில் கூடியது. தூசிநோய் எக்ஸ்ரே படங்களை வகைப்படுத்தும் பன்னாட்டு முறை, இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் முறை, அந்த மாநாட்டில்தான் வேர்கொண்டது. அறிவியல் வளர்ந்த அதே நகரத்தின் சுற்றுவட்டாரத்தில், அந்த அறிவியலின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இலட்சக்கணக்கானோர் வைக்கப்பட்டிருந்தார்கள்.

பார்க்காமல் விட்டதன் விளைவு பின்னாளில் பிரேதப் பரிசோதனைகளில் தெரிந்தது. கறுப்பினத் தங்கச் சுரங்கத் தொழிலாளரின் உடல்களில் சிலிக்கோசிஸ் காணப்பட்ட விகிதம் 1975இல் 3 விழுக்காடாக இருந்து 2007இல் 32 விழுக்காடாக உயர்ந்தது. போட்ஸ்வானாவின் தமாகா பகுதியிலும் கிழக்கு கேப்பின் லிபோடே பகுதியிலும் 1990களில் முன்னாள் தொழிலாளரைத் தேடிச் சென்று படமெடுத்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கோ அதற்கு மேலோ தூசிநோய் இருப்பதைக் கண்டார்கள். அவர்களுள் பலர் தம் நோயின் பெயரையே அதுவரை அறியாதவர்கள். ஆகவே இழப்பீடும் கேட்காதவர்கள். தெம்பெக்கிலே மன்காயி 1979 முதல் 1995 வரை வால் ரீஃப்ஸ் தங்கச் சுரங்கத்தில் உழைத்து நோயுற்றவர்; சட்டப்படி அவருக்குக் கிடைத்தது 16,320 ராண்டு. அதற்கு மேல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்று தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 2011 மார்ச்சில் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்பு அவர் இறந்திருந்தார். அத்தீர்ப்பு திறந்த வழியில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு, ஏறத்தாழ 500 கோடி ராண்டு உடன்பாடாக முடிந்து 2019 ஜூலையில் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. அதைப் பகிர்ந்தளிக்கும் அறக்கட்டளை, 1965 முதல் வேலைசெய்தவர்களைத் தேடுகிறது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வேலைக்கும் இன்றைய நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவுவதில் பழைய எக்ஸ்ரே படம் ஒவ்வொன்றும் சாட்சி. அத்தகைய படம் எடுக்கப்படவே இல்லை, அல்லது எடுக்கப்பட்டும் தொழிலாளியிடம் தரப்படவில்லை என்பது வறியவரின் கையிலிருந்து ஆவணத்தைப் பறித்ததற்குச் சமம்.

ஆகவே எக்ஸ்ரேயை மறுப்பது அறமாகிவிடாது. எடுக்காமல் விடுவதும் ஓர் அநீதியாகலாம். அதே நேரத்தில் எடுப்பதாலேயே அறம் நிறைவேறிவிடுவதுமில்லை. சிலிக்கோசிஸ் படத்தில் தெரியும்போது நுரையீரல் ஏற்கெனவே சேதமடைந்திருக்கிறது. தூசியைத் தண்ணீர் தெளித்து அடக்குவதும், காற்றோட்டத்தைக் கூட்டுவதும், பாறையை ஈரமாகத் துளைப்பதுமே நோயைத் தடுக்கும். எக்ஸ்ரே நோயை எண்ணும், அவ்வளவே. தூசியைக் குறைக்காமல் ஆண்டுதோறும் படமெடுத்து, தழும்பு தெரிந்தவரை வெளியேற்றிப் புதியவரைச் சேர்க்கும் நிறுவனம், சட்டத்தின் எழுத்தை நிறைவேற்றிக்கொண்டே அடுத்த தலைமுறை நோயாளிகளை உருவாக்குகிறது.

படத்தில் தெரிந்தபின் தொழிலாளிக்கு என்ன நேர வேண்டும் என்பதற்கு அமெரிக்க நிலக்கரிச் சுரங்கச் சட்டம் ஒரு தக்க முன்மாதிரி. மேற்கு விர்ஜீனியாவின் ஃபார்மிங்டனில் 1968 நவம்பரில் வெடிவிபத்தில் 78 பேர் மாண்டதை அடுத்து, 1969இல் அச்சட்டம் பிறந்தது. சுரங்கத் தொழிலாளருக்கு இலவச மார்பு எக்ஸ்ரே எடுக்கும் உரிமை தரப்பட்டது. முடிவு தொழிலாளிக்கே செல்லும், முதலாளிக்கு அல்ல. நோயின் அடையாளம் தெரிந்தால் தூசி குறைந்த பணியிடத்துக்கு மாற்றம் கேட்கலாம். மாற்றத்தால் ஊதியம் குறையக் கூடாது. தொடக்கத்தில் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கும் சட்டமே விடை எழுதிவைத்திருக்கிறது. இருந்தும் இத்திட்டத்தில் படமெடுத்துக்கொள்ள முன்வருவோர் பாதிக்கும் குறைவே. தன் நோய் எப்படியோ முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் அங்கும் அகலவில்லை. காகிதத்தில் உள்ள பாதுகாப்பு நம்பிக்கையாக மாறுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு இது சான்று.

பயனற்ற படங்களின் வரலாறும் உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ரயில் நிறுவனங்களும் பிற கனரகத் தொழில்களும், வேலைக்கு வருவோரின் இடுப்பு முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்து, எலும்பமைப்பில் சிறு மாறுபாடு தெரிந்தவர்களைத் திருப்பி அனுப்பின. பின்னாளில் முதுகுவலி வரப்போவது யாருக்கு என்பதை அந்தப் படங்கள் முன்னறிவிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டவே வழக்கம் கைவிடப்பட்டது. மார்பு எக்ஸ்ரேயைப் போலப் பல மடங்கு கதிரை இடுப்புப் பகுதியில் ஏற்றி, வேலையையும் மறுத்து, பதிலுக்கு எதையும் தராத சோதனை அது.

இந்த விவாதம் தமிழ்நாட்டையும் இலங்கையையும் நேரடியாகத் தொடும் இடம் வளைகுடா வேலை. வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாடுகளுக்கும் வேலைக்குச் செல்வோர், புறப்படும் முன் அங்கீகாரம் பெற்ற மையங்களில் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சென்னையிலும் திருச்சியிலும் கொழும்பிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. மக்கள் இதைக் காம்கா மெடிக்கல் என்று அழைத்துப் பழகியிருக்கிறார்கள். மார்பு எக்ஸ்ரே அதன் முக்கியப் பகுதி. கட்டணம் பெரும்பாலும் தொழிலாளியின் பையிலிருந்தே போகிறது. தொற்றும் காசநோய் உள்ளவரைக் கண்டறிவது அவருக்கும், நெருக்கமான விடுதியில் அவரோடு தங்கப்போகிறவர்களுக்கும் நன்மை. இதில் நியாயம் உண்டு. ஆனால் வளைகுடாப் பரிசோதனை விதிகளின்படி எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பும் ‘அன்ஃபிட்’ என்ற முத்திரைக்குப் போதுமானதாக இருந்துவந்தது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்பங்கினர் வாழும் இந்தியாவில், சிகிச்சையை முழுமையாக முடித்துக் குணமடைந்து மார்பில் தழும்போடு வாழ்பவர்கள் ஏராளம். தழும்பு தொற்றாது. எக்ஸ்ரே ஒன்றைக் கொண்டு பழைய தழும்பையும் செயலில் உள்ள நோயையும் உறுதியாகப் பிரிக்கவும் முடியாது. அதற்குச் சளிப் பரிசோதனை வேண்டும். கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டியவர், ஒரு நிழலின் பெயரால் விமானம் ஏற முடியாமல் திரும்புகிறார். மருத்துவமனைக்குச் செல்லும் வழியை எவரும் அவருக்குச் சொல்வதில்லை.

இதற்கு மாறான ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. காசநோய் மிகுந்த நாடுகளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருவோருக்குப் பிரிட்டனும் மார்பு எக்ஸ்ரே கேட்கிறது. ஆனால் ஐயம் எழுந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறது. நோய் உறுதியானாலும் சிகிச்சை முடித்தபின் சான்றிதழ் பெற்று வர வழிவிடுகிறது. ஒரே படம் ஒரு நாட்டில் சிகிச்சையின் தொடக்கமாகவும் மற்றொரு நாட்டில் பிழைப்பின் முடிவாகவும் ஆகிறது. கதிரளவு இரண்டிலும் ஒன்றே.

இந்தியச் சட்டத்தில் அடித்தளம் இல்லாமல் இல்லை. சுரங்க விதிகளும் தொழிற்சாலை விதிகளும் சிலிக்கா, கல்நார் போன்ற ஆபத்தான தூசியில் உழைப்போருக்குக் காலமுறை மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்குகின்றன. 1995இல் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை, காத்துவைக்க ஆணையிட்டது. எச்ஐவி தொற்றிருந்த தற்காலிகத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம், வேலையைச் செய்யும் தகுதி இருக்கும்வரை, பிறருக்குக் கணிசமான ஆபத்து இல்லாதவரை, மருத்துவ முடிவு ஒன்றை மட்டும் காட்டி வேலை மறுக்கலாகாது என்றது. எக்ஸ்ரேயில் தெரியும் தழும்புக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு 161ஆம் உடன்படிக்கை, தொழிலாளரின் உடல்நலக் கண்காணிப்பு அவருக்குச் செலவின்றியும், ஊதிய இழப்பின்றியும், இயன்றவரை வேலை நேரத்துக்குள்ளும் நடக்க வேண்டும் என்கிறது. ஆனால் இவ்விதிகள் எட்டுவது வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான். கல்குவாரியிலும் கல் அரைக்கும் ஆலையிலும் பெயரில்லாமல் நாட்கூலிக்கு உழைப்பவருக்குப் பரிசோதனையும் இல்லை, பாதுகாக்கப்பட வேண்டிய பதிவும் இல்லை.

அண்மையில் கணினி நிரல்களே மார்பு எக்ஸ்ரேயைப் படிக்கத் தொடங்கியுள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் காசநோய்த் தேடலில் அவற்றைப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது. கதிரியல் மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு இது பெரும் உதவி. ஆயினும் சிகிச்சைக்குச் சேர்க்கும் நோக்கில் கணினி ஐயுறுவது வேறு, வேலையிலிருந்து விலக்கும் நோக்கில் ஐயுறுவது வேறு. முன்னதில் தவறான ஐயத்துக்கு விலை இன்னொரு பரிசோதனை. பின்னதில் விலை ஒரு குடும்பத்தின் வருவாய். மனித மருத்துவர் ஒருவரின் மறுபார்வையும் முறையீட்டுக்கான வழியும் இல்லாமல் நிரலின் முடிவை வேலைத் தகுதியோடு இணைப்பதை அரசுகள் அனுமதிக்கக் கூடாது.

பொருளைத் தேடித் தொழிலாளரின் உடலுக்குள் கதிரைச் செலுத்துவது எந்த அளவிலும் நியாயமாகாது. அதைத் தடைசெய்வதற்கான பன்னாட்டு வரையறை ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது. நோயைத் தேடும் படமோ தொழிலாளருக்கு உரிய கடன். ஆனால் அது கடனாக இருக்க வேண்டுமெனில் படத்தின் ஒரு பிரதியும், அவருக்குப் புரியும் மொழியில் எழுதிய முடிவும், அடுத்த சிகிச்சைக்கான பரிந்துரையும் அவர் கையில் சேர வேண்டும். வளைகுடா மையங்கள் தமிழ்நாட்டில் ‘அன்ஃபிட்’ என்று திருப்பி அனுப்பும் ஒவ்வொருவரையும் அன்றே அரசுக் காசநோய்ப் பிரிவில் சேர்த்துச் சளிப் பரிசோதனை செய்யவும், நோய் இல்லையெனில் அதற்கான சான்றோடு மறுபரிசோதனை கோரவும் வழிசெய்யும் ஆணை ஒன்றை மாநில அரசு பிறப்பிக்க வேண்டும். காசநோயை அரசுக்கு அறிவிப்பது 2012 முதல் இந்தியாவில் கட்டாயம். அதற்கான அலுவலர்களும் ஆய்வகங்களும் மாவட்டந்தோறும் இருக்கின்றன.